கிளைடர் மூக்கு குத்தி விழுகிறதா? பள்ளித் திட்டத்துக்கு ஒரு விரிவான பதில்

ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் உங்கள் மகளுக்கு, ஒரு மாதிரி கிளைடரை (என்ஜின் இல்லாமல் சறுக்கிப் பறக்கும் விமானத்தை) வடிவமைத்து, செய்து, சோதித்து, அறிக்கையோடு கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். வீடியோ பார்த்துத் தெர்மாகோலில் ஒன்று செய்தீர்கள். கையை விட்டதும் மூக்கு குத்தி விழுகிறது. இறக்கையின் வடிவத்தை மாற்ற வேண்டுமா, மீதமுள்ள மூன்று வாரத்தில் முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாக முடியும். இறக்கையின் வடிவத்தை இப்போதைக்குத் தொட வேண்டாம். சின்ன கிளைடர் ஒன்று பறப்பதும் விழுவதும் பெரும்பாலும் இரண்டே விஷயங்களில் இருக்கிறது. ஈர்ப்பு மையம் எங்கே விழுகிறது என்பது ஒன்று. இறக்கைக்கும் வாலுக்கும் இடையே எத்தனை டிகிரி வித்தியாசம் என்பது இன்னொன்று. இவை சரியாக அமைந்தால் சுமாரான இறக்கைகூட நன்றாக மிதக்கும். அமையாவிட்டால் எவ்வளவு அழகான இறக்கையும் விழத்தான் செய்யும்.

முதலில் கையில் இருக்கும் கிளைடரையே பாருங்கள், தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இரண்டு ஆள்காட்டி விரல்களையும் இறக்கையின் அடியில், நடு உடலுக்கு இரண்டு பக்கமும் சமதூரத்தில் வைத்து மெல்லத் தூக்குங்கள். மூக்கு கீழே சாய்ந்தால் விரல்களை முன்பக்கம் நகர்த்துங்கள், வால் சாய்ந்தால் பின்பக்கம். கிடைமட்டமாக நிற்கும் இடம் கிடைத்ததும் பேனாவால் ஒரு கோடு போடுங்கள். அதுதான் ஈர்ப்பு மையம். ஆங்கிலச் சுருக்கத்தில் சி.ஜி. என்பார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன். இறக்கையின் முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு வரை உள்ள அகலத்தை மூன்றாகப் பிரித்தால், முதல் பங்கு முடியும் இடத்தை ஒட்டி அந்தக் கோடு விழ வேண்டும். அதைவிட மிகவும் முன்னால் இருந்தால் மூக்கில் பாரம் அதிகம், கொஞ்சம் எடுத்துவிடுங்கள்.

சி.ஜி. சரியான இடத்தில் இருந்தும் மூக்கு குத்துகிறதா? என் ஊகம் இதுதான்: மூங்கில் குச்சியில் இறக்கையையும் வாலையும் ஒரே மட்டத்தில், ஒன்றுக்கொன்று இணையாக ஒட்டியிருப்பீர்கள். பெரும்பாலான வீடியோக்களில் அப்படித்தான் ஒட்டுகிறார்கள். பார்க்க நேர்த்தியாக இருக்கும், பறக்காது. காரணம் எளிது. தட்டையான இறக்கையும் தட்டையான வாலும் இணையாக இருந்தால், கிளைடர் சமநிலைக்கு வரும் ஒரே கோணம் சுழி. சுழிக் கோணத்தில் தட்டையான இறக்கைக்குத் தூக்கு விசையே கிடையாது. ஆகவே அது கல்லைப் போலக் கீழே போகிறது. இறக்கை வாலைவிட இரண்டு மூன்று டிகிரி அதிகக் கோணத்தில் காற்றைச் சந்திக்க வேண்டும்.

அந்தச் சின்ன வித்தியாசம் செய்யும் வேலையை உங்கள் மகள் நன்றாகப் புரிந்துகொண்டால் அறிக்கையின் பாதி எழுதி முடிந்த மாதிரி. ஒரு பேச்சுக்கு, இறக்கை 6 டிகிரியிலும் வால் 1 டிகிரியிலும் காற்றைச் சந்திப்பதாக வைத்துக்கொள்வோம். திடீரென்று மூக்கு 2 டிகிரி உயர்கிறது. இறக்கை 8 ஆகிறது, அதாவது அதன் தூக்கு விசை மூன்றில் ஒரு பங்குதான் கூடுகிறது. வால் 3 ஆகிறது, அதன் விசையோ மூன்று மடங்காகிறது. வால் மேலே போனால் மூக்கு தானாகக் கீழே வரும். மூக்கு தாழ்ந்தால் இதே கணக்கு தலைகீழாக நடந்து மூக்கைத் தூக்கும். ஓட்டுநர் இல்லாத ஒரு பொருள் காற்றில் தன்னைத் தானே திருத்திக்கொள்வது இப்படித்தான். இறக்கையைக் கடந்து வரும் காற்று கீழ்நோக்கித் திரும்பி வாலில் படுவதால் உண்மையான எண்கள் கொஞ்சம் மாறும், ஆனால் விஷயம் இதுவே.

இது புதிய ஞானம் இல்லை. இங்கிலாந்தில் ஜார்ஜ் கெய்லி 1804-இலேயே ஒரு மாதிரி கிளைடர் செய்தார். நீளமான ஒரு கோல், அதன் முன்பக்கத்தில் பட்டம் போன்ற இறக்கை, பின்னால் கோணத்தை மாற்றக்கூடிய வால், எடையை முன்னும் பின்னும் நகர்த்த ஒரு பாரம். இன்று உங்கள் மகள் மேசையில் வைத்திருக்கும் கிளைடரின் அமைப்பும் அதுவே. 1871-இல் பாரிஸில் அல்போன்ஸ் பெனோ என்ற இளைஞர், முறுக்கிய ரப்பரால் பறக்கும் ஒரு மாதிரி விமானத்தில் வாலை இறக்கையைவிடக் குறைந்த கோணத்தில் வைத்து, யாரும் தொடாமலே நேராகப் பறக்கும் என்று காட்டினார். அறிக்கையின் முன்னுரையில் இந்த இரண்டு பேரையும் எழுதினால் போதும், ராமாயணப் புஷ்பக விமானத்திலிருந்து தொடங்க வேண்டியதில்லை.

சரி, புதிதாக ஒன்று செய்வதாக இருந்தால் நான் சொல்லும் அளவுகள் இவை. இறக்கை நுனிக்கு நுனி 50 செ.மீ., அகலம் 8 செ.மீ. பரப்பு 400 சதுர செ.மீ. கிடைமட்ட வால் 16 செ.மீ.க்கு 5 செ.மீ., அதாவது 80 சதுர செ.மீ. இது இறக்கையின் பரப்பில் ஐந்தில் ஒரு பங்கு. நிமிர்ந்து நிற்கும் வால் 6 செ.மீ. உயரம், 5 செ.மீ.க்குச் சற்று அதிக அகலம். உடலுக்கு 43 செ.மீ. குச்சி. அதில் 12 செ.மீ. இறக்கையின் முன்விளிம்புக்கு முன்னால் மூக்காக நீட்டிக்கொண்டிருக்கட்டும், மீதி பின்னால். முன்விளிம்பிலிருந்து அகலத்தில் கால்பங்கு தள்ளியுள்ள கோட்டைக் கால்பங்குக் கோடு என்போம்; இப்படி வைத்தால் இறக்கையின் கால்பங்குக் கோட்டிலிருந்து வாலின் கால்பங்குக் கோடு வரை ஏறக்குறைய 25 செ.மீ. வரும்.

வால் போதுமா என்று பார்க்க ஒரு கணக்கு உண்டு. வாலின் பரப்பை அந்த 25 செ.மீ. தூரத்தால் பெருக்கி, அதை இறக்கையின் பரப்பு, இறக்கையின் அகலம் இரண்டின் பெருக்கலால் வகுக்க வேண்டும். 80 × 25 = 2,000. 400 × 8 = 3,200. வகுத்தால் 0.625. கையால் வீசும் கிளைடருக்கு இந்த எண் 0.5-ஐ ஒட்டியோ அதற்குச் சற்று மேலோ இருந்தால் நிம்மதி. 0.3-க்குக் கீழே போனால் கிளைடர் காற்றில் குதிரை மாதிரி துள்ளும். ஒன்பதாம் வகுப்பு மாணவி இந்த ஒரு கணக்கை அறிக்கையில் போட்டாலே, இது எங்கேயோ பார்த்து வெட்டி ஒட்டியது இல்லை, வடிவமைத்தது என்று தெரிந்துவிடும்.

பொருள் வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. ஸ்டேஷனரி கடையில் சன்போர்டு கொடுப்பார்கள், வழவழப்பாக அழகாக இருக்கும். அது பி.வி.சி., எடை அதிகம். 3 மி.மீ. சன்போர்டில் இந்த இறக்கையை வெட்டினால் அது மட்டுமே 50 கிராமைத் தாண்டும். நமக்கு முழுக் கிளைடரும் 25 கிராமுக்குள் இருக்க வேண்டும். ஏரோமாடலிங் பொருள் விற்கும் கடைகளில் டெப்ரான் என்ற 3 மி.மீ. நுரைத்தகடு கிடைத்தால் அதுவே சிறந்தது, இறக்கை 5 கிராமுக்குள் முடியும். பால்சா மரம் கிடைத்தால் 2 மி.மீ. தகடு எடுக்கலாம், ஆனால் அது 10 கிராமைத் தாண்டும், விலையும் கூடுதல். முன்பெல்லாம் கல்யாண வீட்டுத் தெர்மாகோல் தட்டை வெட்டியே கிளைடர் செய்வோம். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் அந்தத் தட்டுகளுக்குத் தடை. அதற்குப் பதில் டிவி, கண்ணாடிப் பொருள்கள் வரும் பெட்டிகளில் இருக்கும் மெல்லிய நுரைத்தகடுகளைப் பத்திரப்படுத்துங்கள். பொரி உருண்டை மாதிரி மணிமணியாக உதிரும் சாதாரணத் தெர்மாகோலும் ஆகும், ஆனால் முன்விளிம்பு பிய்ந்துகொண்டே இருக்கும். பேக்கிங் டேப் ஒரு சுற்று ஒட்டிவிடுங்கள்.

உடலுக்குப் பட்டம் கட்டும் மூங்கில் பிளாச்சு போதும். நேராக இருப்பதைத் தேடி எடுங்கள், கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தால் கோணல் தெரியும். இறக்கையின் முன்விளிம்பை விறைப்பாக்க ஒரு தென்னை ஈர்க்கைச் சீவி ஒட்டலாம். அதைவிட லேசான, வளைந்து கொடுக்கிற குச்சி காசு கொடுத்தாலும் கிடைக்காது. பசைக்கு ஃபெவிகால். ஃபெவிக்விக் தெர்மாகோலைக் கரைத்துக் குழி போட்டுவிடும், தொடவே வேண்டாம். ஃபெவிகால் காய ஓர் இரவு ஆகும். அந்த இரவைக் கணக்கில் வைத்துக்கொண்டு வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள்.

இறக்கைக்கு லேசான வளைவு கொடுத்தால் தட்டை இறக்கையைவிட நன்றாக மிதக்கும். நுரைத்தகட்டை ஒரு துணியின் மேல் வைத்து, சப்பாத்திக் கட்டையை நீளவாக்கில் வைத்து, மெல்ல அழுத்தி உருட்டுங்கள். ஒரே தடவையில் அழுத்தினால் மடிப்பு விழும். பல தடவை, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம். ஓர் அளவுகோலை முன்விளிம்பிலிருந்து பின்விளிம்புக்கு அடிப்பக்கமாக வைத்தால், நடுவில் 3 மி.மீ. இடைவெளி தெரிய வேண்டும். அதற்கு மேல் வேண்டாம். பயணிகள் விமானத்தைப் பார்த்துத் தடித்த இறக்கை செய்யலாமா என்று மகள் கேட்கக்கூடும். கூடாது. இவ்வளவு சிறிய இறக்கை, நொடிக்கு 4 மீட்டர் வேகம் என்னும்போது, இறக்கையின் அளவு, வேகம், காற்றின் பிசுபிசுப்பு மூன்றையும் சேர்த்துச் சொல்லும் ரெனால்ட்ஸ் எண் வெறும் 20,000 அளவில்தான் இருக்கும். பெரிய விமானத்துக்கு அது கோடிகளில் இருக்கும். இந்தச் சின்ன எண்ணில் காற்று தடித்த, உருண்ட மேற்பரப்பை ஒட்டி வராமல் சீக்கிரமே பிரிந்துவிடும். மெல்லிய வளைந்த தகடுதான் இங்கே ராஜா.

அடுத்து இறக்கையை நடுவில் பாதியாக வெட்டி, இரண்டு நுனிகளும் மேலே தூக்கியிருக்கும்படி ஒரு வி வடிவத்தில் ஒட்ட வேண்டும். ஒவ்வொரு நுனியும் நடுப்பகுதியைவிட 3 செ.மீ. உயரமாக இருந்தால் ஏறக்குறைய 7 டிகிரி வரும். நுனிகளின் அடியில் ஒரே தடிமனுள்ள புத்தகங்களை அடுக்கி வைத்து ஒட்டினால் இரண்டு பக்கமும் சமமாக அமையும். கிளைடர் ஒரு பக்கம் சாய்ந்தால் அது அந்தப் பக்கமாகவே சறுக்கத் தொடங்கும். அப்போது தாழ்ந்த பக்கத்து இறக்கை அதிகக் கோணத்தில் காற்றைச் சந்தித்து, அதிகத் தூக்கு விசை பெற்று எழும். இதை விட்டுவிட்டு நேரான இறக்கை வைத்தால் கிளைடர் ஒரு பக்கமாகச் சுழன்று இறங்கும், சரிசெய்யவே முடியாது.

இறக்கையை உடலோடு ஒட்டாதீர்கள். இந்த ஒரு விஷயத்தில் நான் பிடிவாதமாக இருப்பேன். ரப்பர் பேண்டால் கட்டுங்கள். மோதும்போது இறக்கை கழன்று விழும், உடையாது. அதோடு முன்னும் பின்னும் நகர்த்தலாம், கோணத்தையும் மாற்றலாம். சோதனைக்கு இது அவசியம். முன்விளிம்பின் அடியில், குச்சிக்கும் இறக்கைக்கும் நடுவில், ஒரு ஐஸ்கிரீம் குச்சித் துண்டைச் செருகுங்கள். அது ஏறக்குறைய 2 மி.மீ. தடிமன் இருக்கும். 8 செ.மீ. அகலத்துக்கு அது ஒன்றரை டிகிரி. வளைவு கொடுத்த இறக்கைக்குத் தொடக்கத்தில் இது போதும். தட்டையான இறக்கை என்றால் 3 மி.மீ.க்குச் சற்று மேலே வையுங்கள்.

பறக்கவிடுவதற்கு முன் மூக்கில் பாரமாக எவ்வளவு களிமண் வேண்டும் என்பதைக் கணக்குப் போட்டே சொல்லலாம், நெம்புகோல் தத்துவம்தான்: ஒவ்வொன்றின் எடையையும் சி.ஜி.யிலிருந்து அதன் தூரத்தால் பெருக்க வேண்டும். சி.ஜி. முன்விளிம்பிலிருந்து 2.7 செ.மீ. பின்னால் வர வேண்டும் என்று முடிவு செய்கிறோம். குச்சி 6 கிராம், அதன் நடுப்புள்ளி சி.ஜி.க்கு 6.8 செ.மீ. பின்னால்: 40.8. வால்கள் இரண்டும் சேர்ந்து 2 கிராம், 25.3 செ.மீ. பின்னால்: 50.6. இறக்கை ஈர்க்கோடு 6 கிராம், 1.3 செ.மீ. பின்னால்: 7.8. கூட்டினால் 99.2. களிமண்ணை மூக்கு நுனியில் வைத்தால் அதன் நடுப்புள்ளி சி.ஜி.யிலிருந்து 14.2 செ.மீ. முன்னால் இருக்கும். 99.2-ஐ 14.2-ஆல் வகுத்தால் 7 கிராம். உங்கள் பொருள்களின் எடை வேறாக இருக்கும், அதனால் ஒவ்வொன்றையும் நிறுத்துப் போடுங்கள். வீட்டுத் தராசு 1 கிராம் வரைதான் காட்டும் என்றால், தெரிந்த நகைக்கடையில் கேட்டால் நிறுத்துக் கொடுப்பார்கள். கணக்கில் வந்த எடையையும் உண்மையில் தேவைப்பட்ட எடையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். வித்தியாசம் வந்தால் நல்லது, பசையும் டேப்பும் எங்கே அதிகமாகப் போயின என்று அவளே கண்டுபிடிப்பாள்.

இனி பறக்கவிடுவது. காலை ஆறரை மணிக்கு, இலை அசையாத நேரத்தில் புல்தரைக்குப் போங்கள். கடற்கரை ஊர்களில் மதியத்துக்கு மேல் கடல்காற்று எழுந்துவிடும். கோவைப் பக்கம் என்றால் ஆடியில் நாள் முழுக்கக் காற்று. பள்ளியில் நீளமான கூடம் இருந்தால் அதுவே மேல், மின்விசிறிகளை மட்டும் நிறுத்திவிடுங்கள்.

வீசும் விதம் முக்கியம். கிளைடரைச் சி.ஜி.க்கு அடியில் இரண்டு விரலால் பிடித்து, தோள் உயரத்தில், மூக்கை லேசாகக் கீழே வைத்து, 10 மீட்டர் தள்ளியுள்ள தரையைக் குறிவைத்து, ஒரே சீராகத் தள்ளிவிட வேண்டும். பந்து எறிவதைப் போல வெடுக்கென்று எறியக்கூடாது, வானத்தைப் பார்த்தும் வீசக்கூடாது. கிளைடருக்குத் தேவையான வேகம் நொடிக்கு 4 மீட்டர்தான், சைக்கிளில் போகும் வேகம். குழந்தைகள் எல்லாரும் முதலில் இரண்டு மடங்கு வேகத்தில்தான் எறிவார்கள். அப்போது கிளைடர் மேலே ஏறி, நின்று, மூக்கு குத்தி விழும். பார்ப்பவர்கள் மூக்கில் பாரம் அதிகம் என்று நினைத்துக் களிமண்ணைப் பிய்த்து எடுப்பார்கள். நிலைமை இன்னும் மோசமாகும். உங்கள் கிளைடரும் ஒருவேளை இப்படித்தான் விழுகிறதா என்று ஒரு தடவை பக்கவாட்டில் நின்று பாருங்கள்.

விழுவதில் இரண்டு வகை உண்டு. கையை விட்ட நொடியிலிருந்தே கீழே சாய்ந்துகொண்டு போனால் அது டைவ். மூக்குக் களிமண்ணைக் கொஞ்சம் குறைக்கலாம், அல்லது வாலின் பின்விளிம்பை 1 மி.மீ. மேலே வளைக்கலாம். மேலே ஏறி, தயங்கி, விழுந்து, திரும்ப எழுந்து, அலை அலையாகப் போனால் அது ஸ்டால். இறக்கை தாங்கக்கூடிய கோணத்தைத் தாண்டிவிட்டது. முதலில் மெதுவாக வீசிப் பாருங்கள். அப்போதும் அலை போனால் களிமண்ணைக் கூட்டுங்கள், அல்லது வாலின் பின்விளிம்பைக் கீழே இறக்குங்கள். ஒரு வீச்சைப் பார்த்து எதையும் மாற்றாதீர்கள். ஒரே மாதிரி மூன்று வீச்சு ஒரே மாதிரி விழுந்தால்தான் அது கிளைடரின் குணம், இல்லாவிட்டால் கையின் குணம். மாற்றும்போது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும், அதையும் உடனே நோட்டில் எழுதிவிட்டு மாற்றுங்கள்.

களிமண்ணைக் கூட்டுவதும் வாலை வளைப்பதும் ஒரே பலன் தருவதாகத் தோன்றும், ஆனால் இரண்டும் ஒன்றல்ல. எது தவறாக இருக்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு சோதனை உண்டு. முதல் மாடி பால்கனி போன்ற உயரத்திலிருந்து, கீழே மெத்தென்ற இடமாகப் பார்த்து, மூக்கைச் செங்குத்தாக அல்லாமல் நன்றாகக் கீழ்நோக்கிச் சாய்த்து மெல்ல விடுங்கள். வேகம் எடுத்ததும் சட்டென்று மேலே வளைந்து எழுந்தால், சி.ஜி. மிகவும் முன்னால் இருக்கிறது, அதை ஈடுகட்டக் கோண வித்தியாசமும் அதிகமாக இருக்கிறது. எழாமல் மேலும் மேலும் செங்குத்தாகப் போனால் சி.ஜி. பின்னால் இருக்கிறது. மெல்ல, பெரிய வளைவாக நிமிர்ந்து வந்தால் சரியான இடம். பெரியவர் ஒருவர் கட்டாயம் உடன் இருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

நேராகப் போகாமல் ஒரு பக்கம் திரும்புகிறதா? கிளைடரை வால் உங்கள் பக்கம் இருக்கும்படி கை நீட்டிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பாருங்கள். இரண்டு பக்க இறக்கைகளின் அடிப்பரப்பும் ஒரே அளவு தெரிய வேண்டும். ஒரு பக்கம் அதிகமாகத் தெரிந்தால் அந்த இறக்கை முறுக்கிக்கொண்டிருக்கிறது. பத்தில் எட்டு தடவை காரணம் இதுவே. விரல்களால் எதிர்ப்பக்கம் முறுக்கி, அரை நிமிடம் அப்படியே பிடித்திருந்து விடுங்கள். நிமிர்ந்த வாலை வளைத்து ஈடுகட்டுவது கடைசி வழி.

இவ்வளவும் செய்தால் கிளைடர் பறக்கும். ஆனால் திட்டம் இங்கேதான் தொடங்குகிறது என்பேன். “நாங்கள் கிளைடர் செய்தோம், அது பறந்தது” என்ற அறிக்கையில் அறிவியல் எதுவும் இல்லை. ஒரு கேள்வியைத் தேர்ந்தெடுத்து அதற்குக் கிளைடரிடமே பதில் கேட்க வேண்டும். சி.ஜி.யை நகர்த்தினால் என்ன ஆகும் என்பது நல்ல கேள்வி, பலர் செய்வது. அதில் ஒரு பொறி இருக்கிறது. மூக்கில் களிமண்ணைக் கூட்டிக்கொண்டே போனால் சி.ஜி.யோடு மொத்த எடையும் மாறுகிறது, எது எதனால் என்று பிரிக்க முடியாது. அதே களிமண் உருண்டையை மூக்குக் குச்சியில் முன்னும் பின்னும் நகர்த்தினால் எடை மாறாமல் சி.ஜி. மட்டும் மாறும். குச்சியில் செ.மீ. கோடுகள் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி வேறு. எடையைக் கூட்டினால் கிளைடர் எவ்வளவு தூரம் போகும்? யாரைக் கேட்டாலும் தூரம் குறையும் என்பார்கள். கோட்பாடு அப்படிச் சொல்லவில்லை. எத்தனை மீட்டர் முன்னால் போனால் ஒரு மீட்டர் இறங்கும் என்பது தூக்கு விசைக்கும் இழுவைக்கும் (காற்று பின்னுக்கு இழுக்கும் விசைக்கும்) உள்ள விகிதம். அதில் எடை வராது. எடை கூடினால் வேகம்தான் கூடும், அதுவும் எடையின் வர்க்கமூல விகிதத்தில். 24 கிராம் கிளைடரில் சரியாகச் சி.ஜி.யின் மேல் 10 கிராம் கட்டினால், வேகம் ஏறக்குறைய 1.2 மடங்காகும், நொடிக்கு 4 மீட்டர் 4.8 ஆகும். சறுக்கும் சாய்வு அநேகமாக அப்படியே இருக்கும். போட்டிகளில் பறக்கும் பெரிய கிளைடர்கள் வேகத்துக்காக இறக்கைக்குள் தண்ணீரை நிரப்பிக்கொண்டு போய், தரையிறங்கும் முன் திறந்துவிடுவதும் இதனால்தான். மகள் முதலில் தன் ஊகத்தைத் தேதியோடு எழுதிவிட்டு, பிறகு சோதிக்கட்டும். எடைக்கு நாணயங்கள் வசதி. 1 ரூபாய் நாணயம் ஏறக்குறைய 3 முதல் 5 கிராம் வரை இருக்கும், வெளியான ஆண்டைப் பொறுத்து மாறும் என்பதால் நிறுத்துக்கொள்ளுங்கள்.

இனி அளப்பது. இதில்தான் நல்ல திட்டங்களும் சறுக்குகின்றன. கையிலிருந்து தரையில் விழுந்த இடம் வரை டேப் வைத்து அளந்து, அதைத் தோள் உயரத்தால் வகுத்து, “சறுக்கு விகிதம்” என்று எழுதிவிடுவார்கள். வீசிய வேகத்தில் உள்ள ஆற்றலை அதில் யாரும் சேர்ப்பதில்லை. நொடிக்கு 4 மீட்டர் வேகத்தில் உள்ள இயக்க ஆற்றல் 0.8 மீட்டர் உயரத்துக்குச் சமம். 6 மீட்டர் வேகத்தில் வீசினால் அது 1.8 மீட்டர். அதாவது கொஞ்சம் பலமாக வீசிவிட்டால், ஒரு மீட்டர் அதிக உயரத்திலிருந்து விட்ட மாதிரி. ஆறு மீட்டர் முன்னால் போய் ஒரு மீட்டர் இறங்கும் கிளைடர் என்றால் ஆறு மீட்டர் வரை இலவசமாகக் கிடைக்கும். தோள் உயரமே ஒன்றரை மீட்டர்தான் என்னும்போது இந்தப் பிழை அளவையே விழுங்கிவிடும்.

தப்பிக்க வழி கைபேசிதான். கூடத்துச் சுவரில் ஒவ்வொரு மீட்டருக்கும் ஒரு காகிதத்துண்டு ஒட்டுங்கள், உயரத்துக்கும் அரை மீட்டருக்கு ஒன்று. சுவரை ஒட்டினாற்போல் கிளைடரை விடுங்கள். சுவருக்கு நேர் எதிரே, முடிந்தவரை தள்ளி, கைபேசியை அசையாமல் நிறுத்திப் படம் எடுங்கள். நொடிக்கு 30 காட்சிகள் எடுத்தால் ஒரு காட்சிக்கும் அடுத்ததற்கும் இடையே கிளைடர் 13 செ.மீ. நகரும், அளப்பதற்கு அது போதும். பிறகு ஒவ்வொரு காட்சியாக நிறுத்திப் பார்த்து, வீச்சின் தாக்கம் அடங்கி நேர்கோட்டில் சறுக்கும் நடுப்பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை மீட்டர் போனது, எவ்வளவு இறங்கியது, எத்தனை காட்சிகள் ஆயின. விகிதமும் வேகமும் இறங்கும் வேகமும் அதிலிருந்தே கிடைத்துவிடும். கேமராவுக்கு அருகில் பறந்தால் தூரம் பெரிதாகத் தெரியும் என்பதால் சுவரிலிருந்து விலகிப் போன வீச்சுகளைத் தள்ளிவிடுங்கள், தள்ளிய காரணத்தையும் எழுதுங்கள்.

ஒவ்வொரு அமைப்புக்கும் பத்து நல்ல வீச்சுகள் இருக்கட்டும். சராசரியோடு, மிகக் குறைந்ததும் மிக அதிகமானதும் அட்டவணையில் வர வேண்டும். இரண்டு அமைப்புகளின் சராசரி வித்தியாசம் ஒரே அமைப்பின் ஏற்ற இறக்கத்தைவிடச் சிறியதாக இருந்தால், “வித்தியாசம் இருப்பதாகச் சொல்ல முடியவில்லை” என்று எழுதுவதுதான் நேர்மை. அப்படி எழுதும் மாணவியை நல்ல ஆசிரியர் கூடுதலாகவே மதிப்பார். ரைட் சகோதரர்கள் 1901-இல் செய்த கிளைடர், கணக்கில் வந்த தூக்கு விசையைத் தரவில்லை. அவர்கள் ஊருக்குத் திரும்பி ஒரு சிறிய காற்றுச் சுரங்கம் (உள்ளே காற்றைச் செலுத்தி மாதிரிகளைச் சோதிக்கும் பெட்டி) செய்து, கையளவு மாதிரி இறக்கைகளை ஒவ்வொன்றாக வைத்து அளந்தார்கள். அந்த அளவுகளை வைத்து வந்ததுதான் 1902-இன் வெற்றிகரமான கிளைடர். என்ஜின் வைத்த விமானம் அதற்கு அடுத்த ஆண்டுதான்.

நேர்முகத்தில் கட்டாயம் வரும் ஒரு கேள்வி, “இறக்கை எப்படித் தூக்குகிறது?” மேலே போகும் காற்றுக்குத் தூரம் அதிகம், கீழே போன காற்றோடு ஒரே நேரத்தில் பின்விளிம்பில் சேர வேண்டும், அதனால் வேகமாகப் போகிறது என்று பல புத்தகங்களில் இருக்கும். அது தவறு. இரண்டு காற்றும் ஒரே நேரத்தில் சேர வேண்டும் என்று எந்த விதியும் இல்லை, உண்மையில் மேலே போகும் காற்று முன்னதாகவே போய்விடுகிறது. அந்த விளக்கம் சரியென்றால் மேலும் கீழும் ஒரே நீளமுள்ள தட்டை இறக்கை பறக்கவே கூடாது. உங்கள் மகளிடம் அதற்கு ஆதாரம் கையிலேயே இருக்கும். இறக்கை காற்றைக் கீழ்நோக்கித் திருப்புகிறது, காற்று இறக்கையை மேல்நோக்கித் தள்ளுகிறது, நியூட்டனின் மூன்றாம் விதி. மேலே அழுத்தம் குறைந்தும் கீழே கூடியும் இருப்பது அதே நிகழ்வை அழுத்தத்தின் வழியாகச் சொல்வது. வேகம் கூடினால் அழுத்தம் குறையும் என்ற பெர்னூலி விதி தவறில்லை, “ஒரே நேரத்தில் சேர வேண்டும்” என்பதுதான் தவறு. ஆசிரியர் பழைய விளக்கத்தை எதிர்பார்த்தால் பணிவாகத் தட்டை இறக்கையை எடுத்து ஒரு தடவை பறக்கவிட்டுக் காட்டலாம்.

கடைசியாகச் சில நடைமுறை விஷயங்கள். உதிரி இறக்கை ஒன்றையும் உதிரி வால் ஒன்றையும் முதலிலேயே சேர்த்து வெட்டிவிடுங்கள். பள்ளிக்குக் கொண்டுபோகும்போது இறக்கையைக் கழற்றி, தட்டையான அட்டைப்பெட்டியில் எதுவும் மேலே அழுத்தாதபடி வையுங்கள். வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டால் நுரைத்தகடு முறுக்கிக்கொள்ளும். மழைக்காலத்தில் காகிதம் ஒட்டிய இறக்கையும் அப்படியே. ஆகவே அங்கே போனதும் வாலின் பின்னாலிருந்து ஒரு கண்ணால் பார்த்து முறுக்கைச் சரிசெய்துவிட்டு, மரத்தடியில் மெதுவாக ஒரு வீச்சு வீசிப் பார்த்த பிறகே எல்லார் முன்னாலும் விட வேண்டும். இறக்கை குச்சியில் எங்கே உட்கார வேண்டும் என்று இரண்டு பேனாக்கோடுகள் போட்டு வையுங்கள், களிமண்ணின் எடையையும் குச்சியின் மேலேயே எழுதிவிடுங்கள். ரப்பர் பேண்ட் நான்கைந்து கூடுதலாக எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள், அறுந்துபோவது எப்போதும் அதுதான்.